ஓடைக்கரையில் எல்லா வயது மரமும் வேண்டும்

ஆற்றங்கரை மரத்தை நிலையாமைக்கு உவமை சொல்வது நம் மரபு. வெள்ளம் வந்தால் அது வேரோடு சாய்ந்துவிடும் என்பது பொருள். சாய்வது உண்மைதான். ஆனால் சாயும்வரை அந்தக் கரையைப் பிடித்து நிறுத்தியதும் அதே மரம்தான். சாய்ந்த பின்னும் அது ஓடைக்குப் பயன்படுகிறது. இதை அறியாமல் ஓடைக்கரை மரங்களை ஒரே நாளில் வெட்டி எடுத்துவிட்டால் கரையும் போகும், மீனும் போகும், கடைசியில் கரையை ஒட்டிய நிலமும் போகும்.

மந்தாரக்குப்பம் பக்கத்து உழவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஊர்ப் பெயரிலேயே ஒரு மரத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் ஊரைச் சுற்றியுள்ள ஓடைகளில் கரை மரங்கள் தொடர்ச்சியாக நிற்கும் இடம் அரிது. ஓரிடத்தில் நாலு புங்கமும் ஒரு நாவலும் நிற்கும். அங்கே கரை சரியாமல் இருக்கும். நீரில் நிழல் விழும். கெண்டையும் கெளுத்தியும் அங்கேதான் ஒதுங்கும். சிறிது தூரம் தள்ளிப் போனால் மரமே இல்லாத கரை. செம்புறை மண் செங்குத்தாக அறுத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் கொஞ்சம் வயல் ஓடையில் விழும். இரண்டும் ஒரே ஓடை, ஒரே நீர். வேறுபாடு கரையில்தான் இருக்கிறது.

நெய்வேலி வட்டாரத்தின் முக்கிய வடிகால் பரவனாறு. 1956-ஆம் ஆண்டில் நெய்வேலி நிறுவனம் அமைந்து பழுப்பு நிலக்கரி வெட்டத் தொடங்கிய காலம் தொட்டு, இந்த ஆற்றின் தன்மையும் மாறிவிட்டது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். இறைத்த நீரில் ஒரு பகுதி பரவனாற்றில் சேர்கிறது. மழை ஓய்ந்த பின்னும் இதில் ஓட்டம் இருப்பதற்கு அது ஒரு காரணம். இந்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பல ஊர் வயல்களுக்குப் பாய்ந்து, கடலூர் அருகே உப்பனாற்றோடு சேர்கிறது. ஆகவே மேலே ஒரு கரை சரிந்தால் அந்த மண் கீழே ஏரியில் படிகிறது. பெருமாள் ஏரி தூர்ந்து போவது அந்தப் பாசனத்தாரின் நெடுநாள் குறை. அந்த மண் பல இடங்களிலிருந்து வருகிறது. மரமற்ற ஓடைக்கரைகளும் அவற்றில் ஒன்று.

ஓடை உண்ணும் உணவு

வயலுக்குத் தழையுரம் எப்படியோ, சிற்றோடைக்கு உதிரும் இலை அப்படி. மரத்திலிருந்து விழும் இலை நீரில் ஊறுகிறது. அதன் மேல் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் படர்கின்றன. அப்படிப் பதமான இலையை நீரில் வாழும் சிறு பூச்சிகளும் நண்டுகளும் நத்தைகளும் அரித்துத் தின்கின்றன. அவற்றைத் தட்டான் பூச்சியின் இளம் பருவங்களும் சிறு மீன்களும் தின்கின்றன. சிறு மீனை விரால் தின்கிறது. விராலை மனிதன் தின்கிறான். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி கரையில் நிற்கும் மரம்.

அமெரிக்காவின் ஹப்பர்டு புரூக் காட்டிலுள்ள ஒரு சிற்றோடையில் இதை அளந்து பார்த்தார்கள். 1973-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வின்படி, ஓடைக்குள் வந்த உணவுச் சக்தியில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் சுற்றியிருந்த காட்டிலிருந்தே வந்தது. ஓடையிலேயே விளைந்த பாசியின் பங்கு ஒன்றுக்கும் குறைவு. நம் சமவெளி ஓடைகள் அகலமானவை, வெயில் படுபவை. ஆகவே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கரை மரம் ஓடைக்குச் சோறு போடுகிறது என்ற உண்மை எங்கும் ஒன்றே.

தட்டானைப் பற்றி உழவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அது இளமைக் காலம் முழுவதையும் நீருக்குள் கழிக்கிறது. அங்கே கொசுப் புழுக்களைத் தின்கிறது. இறக்கை முளைத்து வெளியே வந்த பின் வயல்மேல் பறந்து அந்துப்பூச்சிகளையும் தத்துப்பூச்சிகளையும் பிடித்துத் தின்கிறது. ஓடையில் இலையும் நிழலும் இருந்தால் சம்பா வயலுக்குக் கூலி வாங்காத ஒரு காவல் படை கிடைக்கிறது.

நிழலும் நீரின் சூடும்

நிழலின் பயன் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவில் தெரியும். 25 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயு கரைந்து நிற்கும். 35 டிகிரியில் அது சுமார் 7 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே நேரத்தில், சூடு கூடக் கூட மீனுக்கும் பூச்சிக்கும் மூச்சுத் தேவையும் கூடுகிறது. மட்கும் பொருள்களும் பிராணவாயுவை வேகமாகத் தீர்க்கின்றன. வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்ன ஆகுமோ அதுவே ஓடைக்கும் ஆகிறது. பங்குனி, சித்திரையில் தேங்கிய மடுவில் மீன் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அடுத்தடுத்த ஓடைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. 1966-ஆம் ஆண்டில் ஓர் ஓடையின் கரைவரை எல்லா மரங்களையும் வெட்டினார்கள். இன்னோர் ஓடையில் இடையிடையே திட்டுத் திட்டாக வெட்டி, நீரை ஒட்டி ஒரு பட்டைக்கு மரங்களையும் புதர்களையும் விட்டுவைத்தார்கள். முழுதும் வெட்டிய ஓடையில் ஆண்டின் உச்ச வெப்பம் 14 டிகிரி செல்சியஸிலிருந்து அடுத்த ஆண்டே 29 டிகிரிக்கு ஏறிவிட்டது. அங்கிருந்த டிரவுட் மீன்களும் வெகுவாகக் குறைந்தன. பட்டை விட்ட ஓடையில் வெப்பம் மாறவே இல்லை. காட்டை வெட்டியது இரண்டு இடத்திலும்தான். காப்பாற்றியது கரையில் விட்ட பட்டை.

உரச் செலவு பார்க்கும் உழவருக்கு இன்னொரு சேதி உண்டு. ஹப்பர்டு புரூக்கில் 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் வெட்டி, மறுபடி எதுவும் துளிர்க்காமல் களைக்கொல்லி தெளித்து வைத்தார்கள். ஓடை நீரில் நைட்ரேட் சத்து முதல் ஆண்டில் சுமார் 40 மடங்கு கூடியது. காடு பிடித்து வைத்திருந்த தழைச்சத்து வேர் இல்லாததால் கரைந்து ஓடிவிட்டது. கரை மர வேர்கள் நம் வயலிலும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. மழையில் வழிந்து போகும் யூரியாவில் ஒரு பகுதியை ஓடையில் விழுமுன் பிடித்து இலையாக்கித் தருகின்றன.

மரத்தின் வயதும் ஓடையின் வளமும்

கரையில் மரம் இருந்தால் மட்டும் போதாது. அவை எந்த வயது மரங்கள் என்பதும் முக்கியம்.

வெட்டிய புதிதில் ஓடையில் வெயில் கொட்டும். பாசி செழிக்கும். அதைத் தின்னும் பூச்சிகளும், அவற்றைத் தின்னும் சிலவகை மீன்களும் சில காலம் கூடவும் செய்யலாம். இதைப் பார்த்து, வெட்டியதால் நன்மை என்று சிலர் எண்ணுவது உண்டு. அது கடன் வாங்கிச் செலவு செய்வது போன்றது. இலை வரத்து நின்றுபோகிறது. நீர் சூடாகிறது. பழைய வேர்கள் மண்ணுக்குள் மட்கி, சில ஆண்டுகளில் கரையின் பிடி தளர்கிறது. வெட்டிய ஆண்டு விழாத கரை, மூன்றாம் நான்காம் ஆண்டு மழையில் விழுவதற்கு இதுவே காரணம்.

அடுத்து, எல்லாம் ஒன்றாகத் துளிர்த்து ஒரே உயரமாக எழுகிற இளங்காடு. இது நெருக்கமாகக் கூரை போட்டுவிடும். அடியில் புல்கூட முளைக்காத இருட்டு. அமெரிக்க மேற்குக் கரைக் காடுகளில், 30 முதல் 100 ஆண்டு வயதுள்ள மறுவளர்ச்சிக் காட்டு ஓடைகளில், மிகப் பழைய காட்டு ஓடைகளைவிட வெளிச்சம் குறைவாக இருப்பது தெரியவந்துள்ளது. நிழல் நல்லதுதான், ஒரு துளி வெயிலும் இல்லாத நிழலில் ஓடையும் மெலிந்துபோகும்.

மூன்றாவது, பழங்காடு. கிழ மரம் சாய்ந்த இடத்தில் வானம் தெரியும். அங்கே வெயில் இறங்கும். பாசியும் புல்லும் வளரும். பக்கத்தில் நடுவயது மரம் நிழல் தரும். அடியில் கன்றுகள் எழும். சாய்ந்த மரம் ஓடையில் குறுக்காகக் கிடந்து நீரைத் தடுத்து மடு ஆக்கும். அந்த மடுவில் இலை தங்கும், மண் படியும், கோடையிலும் மீன் பிழைக்கும்.

அந்த நாட்டு ஆண்டுக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. நம் மரங்கள் விரைவில் வளர்பவை. நம் வெயில் கடுமையானது. ஆனால் வெட்டவெளி, இருண்ட இளங்காடு, வெயிலும் நிழலும் கலந்த முதிர்காடு என்ற வரிசை நமக்கும் பொருந்தும். ஓடைக்கரைக்கு வேண்டியது கிழமரம், நடுமரம், கன்று மூன்றும் கலந்த கூட்டுக் குடும்பம்.

தானே புயல் காட்டியது

இதைக் கடலூர் மாவட்டத்தில் கோடரி இல்லாமலே காட்டியது தானே புயல். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த அந்தப் புயல், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்தது. பல தலைமுறை மரங்கள் ஒரே காலையில் போயின. பிறகு நட்டவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது. கரைகளில் கிழமரம் விழுந்த இடங்களில் சீமைக் கருவேல் புகுந்தது. விழுந்த மரங்களை விறகுக்கும் பலகைக்கும் எடுத்துவிட்டதால் ஓடைக்குள் கிடந்து மடு ஆக்க ஒரு கட்டையும் மிஞ்சவில்லை.

நான்கு ஆண்டு கழித்து 2015 நவம்பரில் பெருமழை வந்தது. 9, 10 தேதிகளில் நெய்வேலியில் 48 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பண்ருட்டி வட்டத்தில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஊர்களில் ஓடை வெள்ளம் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. அவ்வளவு மழையைக் கரை மரங்கள் மட்டும் தடுத்திருக்கும் என்று சொல்வது பொய். ஆனால் வழக்கமாக வரும் வெள்ளத்தில் கரை அறுபடாமல் காப்பதும், அறுபட்ட மண் அடுத்தவர் வயலில் மணலாகப் பரவாமல் குறைப்பதும் கரை மரங்களால் ஆகும்.

எந்த மரமானாலும் சரியா?

கரையில் மரம் வேண்டும் என்றதும் விரைவில் காசு தரும் மரமாகத் தேடுவது இயற்கை. சவுக்கையும் தைலமரத்தையும் நீர் விளிம்புவரை நடுபவர்கள் உண்டு. இது தவறு.

நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை வைத்து நெடுங்காலம் ஆராய்ந்தனர். ஒன்றைப் புல்வெளியும் சோலையுமாக விட்டு, மற்றொன்றில் 1972-ஆம் ஆண்டில் சுமார் 59 சதவிகிதப் பரப்பில் தைலமரம் நட்டனர். முதல் 10 ஆண்டில் ஓடை வரத்து 16 சதவிகிதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டை மறுபடி துளிர்த்து வளர்ந்த அடுத்த 10 ஆண்டில் குறைவு சுமார் 25 சதவிகிதம் ஆயிற்று. வெட்டிய கட்டையில் வேர் பழையது, தளிர் புதியது. அது இன்னும் வேகமாக நீரைக் குடிக்கிறது. இங்கும் மரத்தின் வயது தன் வேலையைக் காட்டுவதைக் காணலாம்.

சவுக்கின் குறை வேறு. மூன்று, நான்கு ஆண்டில் தோப்பு முழுவதையும் ஒரே முறையில் வெட்டி ஏற்றுகிறோம். கரை ஒவ்வொரு முறையும் மொட்டையாகிறது. சவுக்கு போட வேண்டாம் என்பதல்ல. கரையிலிருந்து 20 அடி தள்ளிப் போடலாம். தோப்பை இரண்டாகப் பிரித்து இரண்டு வெவ்வேறு ஆண்டில் வெட்டலாம். வெட்டுவதை மழை முடிந்த பின், தை மாதத்திலிருந்து செய்வது நலம். புரட்டாசியில் வெட்டி ஐப்பசி மழைக்கு மண்ணைத் திறந்து வைக்கக் கூடாது.

புதுக் கால்வாயின் கரை

நெய்வேலி இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடச் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்தில் புதுக் கால்வாய் திட்டமிடப்பட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவிப் பக்கம் நின்ற நெற்பயிரின் ஊடே தோண்டும் வேலை நடந்ததும், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றதும் இவ்வட்டாரத்தார் நன்கு அறிந்தவை. நிலத்தைப் பற்றிய நியாயம் அங்கே பேசப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது கரையை.

இயந்திரம் வெட்டிய கால்வாயில் நீர் ஓடும். ஆனால் அது ஆறு ஆகிவிடாது. வளைவு இல்லை, மடு இல்லை, நிழல் இல்லை, இலை இல்லை. அப்படியே விட்டால் சீமைக் கருவேல் ஒன்றுதான் குடியேறும். இரு கரையிலும் நாட்டு மரங்களைப் படிப்படியாக நட்டு வளர்த்தால்தான் ஒரு தலைமுறைக்குள் அது மறுபடி பரவனாறு ஆகும். சுரங்கத்திலிருந்து அள்ளிப்போட்ட வறண்ட மண்மேடுகளின் மேலேயே மரம் வளர்த்த அனுபவம் நெய்வேலியில் இருக்கிறது. ஈரமுள்ள கரையில் வளர்ப்பது அதைவிடக் கடினமாக இருக்க முடியாது. கரையோர ஊராட்சிகளும் பாசன விவசாயிகளும் இதைக் கூட்டங்களில் கோரிக்கையாக வைக்கலாம்.

ஏழு சென்ட் போதும்

ஏக்கர் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயி கரைக்கு எவ்வளவு விடுவது? சதுரமான ஓர் ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 208 அடி. அந்தப் பக்கத்தில் 15 அடி அகலம் விட்டால் மொத்தம் சுமார் 7 சென்ட். கரை அறுந்தால் சில மழைக்காலத்தில் போகக்கூடிய நிலமும் இதுதான். விட்ட 7 சென்ட்டும் சும்மா கிடக்காது.

முதல் வரிசை, நீர் விளிம்பு: வெட்டிவேர், நாணல், தாழை. வெட்டிவேரை அரை அடிக்கு ஒரு தூராகக் கரைக்குக் குறுக்காக, தொடர்ச்சியாக நடவேண்டும். இவ்வரிசை வேரை அறுவடைக்காகத் தோண்டக் கூடாது. தோண்டினால் நட்ட நோக்கமே கெடும். ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி வெள்ளத்துக்குள் வேர் பிடித்துவிடும்.

இரண்டாம் வரிசை, கரைச் சரிவு: நொச்சியும் புங்கமும். நொச்சியைக் குச்சி வைத்தே வளர்க்கலாம். புங்கத் தழை நெல் வயலுக்கு நல்ல தழையுரம். தழைக்காகக் கிளை கழிக்கலாம். ஒரு மரத்தை ஒரே தடவையில் மொட்டையடிக்கக் கூடாது.

மூன்றாம் வரிசை, மேல் விளிம்பு: நீர்மருது, நாவல், இலுப்பை, அத்தி. 20 அடிக்கு ஒன்றாக 10 மரம் நிற்கும். ஒன்றரை அடிக் குழியில் மட்கிய எரு இட்டு, முதல் மழை கண்டதும் நடலாம்.

மிக முக்கியமானது இதுதான்: மூன்றாம் வரிசையின் 10 மரத்தையும் ஒரே ஆண்டில் நட்டுவிட வேண்டாம். முதல் ஆண்டில் 4, நான்காம் ஆண்டில் 3, ஏழாம் ஆண்டில் 3 என்று நடுக. இடம் மாற்றி மாற்றி நடுக. அப்போதுதான் கரையில் எக்காலமும் பெரியதும் சிறியதும் கலந்து நிற்கும். ஆட்டிடமிருந்து காக்க, வெட்டிய கருவேல் முள்ளையே வேலியாக வைக்கலாம்.

வெட்டும் முறை

பட்டா நிலக் கரையில் நட்ட மரத்தைச் செலவு வரும்போது விற்க வேண்டித்தான் வரும். பெண்ணின் திருமணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் மரம் உதவாவிட்டால் பிறகு எதற்கு என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். ஆகவே வெட்டும் முறையைத் தெரிந்து வெட்ட வேண்டும்.

10 மரத்தில் ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். அடுத்த வெட்டுக்கு மூன்று ஆண்டாவது இடைவெளி விடுக. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களை ஒன்றாக எடுக்க வேண்டாம். வேரைப் பறிக்காமல் அடிக்கட்டையைக் கரையிலேயே விடுக. வெட்டிய இடத்துக்கு அருகில் அந்த மழைக்காலத்திலேயே ஒரு கன்று வைக்கவேண்டும். நீரின் பக்கம் சாய்ந்து நிற்கும் கிழமரம் ஒன்றையாவது வெட்டாமல் ஓடைக்கென்று விட்டுவிடுக. அது விழுந்தால் மடு ஆகும். பாலம், மதகு, குழாய்ப் பாதை அருகே விழுந்த கட்டையை மட்டும் உடனே அகற்ற வேண்டும். இல்லையேல் அது வெள்ளத்தை ஊருக்குள் திருப்பும்.

சீமைக் கருவேலை ஒழிக்க விரும்புவோர், இயந்திரம் வைத்துக் கரை முழுவதையும் ஒரே நாளில் கிளறுவது கூடாது. அதுவும் ஒருவகைக் காடு அழிப்பே. தை, மாசியில் 50 அடி நீளம் வெட்டி, அங்கே நொச்சியும் புங்கமும் நட்டு, அவை எழுந்த பின் அடுத்த 50 அடிக்குப் போகவேண்டும். சரிவான இடத்தில் தூரைப் பிடுங்காமல் தரைமட்டமாக வெட்டி, வரும் தளிரை மறுபடி மறுபடி அறுத்தால் போதும். நிழல் விழுந்த இடத்தில் கருவேல் தழைக்காது.

ஓடைப் புறம்போக்கில் நிற்கும் மரம் அரசுடையது. அதன் காய், கனி, இலை அனுபவத்துக்கு வருவாய்த் துறை வழங்கும் 2சி பட்டா உண்டு. அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம். எந்த இடம் புறம்போக்கு, எது பட்டா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அளந்து தெரிந்துகொண்டு நடவு செய்தால் பின்னால் வழக்கு வராது.

உழவர் கேட்கும் ஐயங்கள்

நிழல் விழுந்தால் நெல் விளையாதே என்பது முதல் ஐயம். சம்பாப் பட்டத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால் நிழல் வடக்கே விழும். ஓடை வயலுக்கு வடக்கே இருந்தால் உயரமான மரத்தைத் தயங்காமல் நடலாம். நிழல் ஓடையில் விழும். ஓடை தெற்கே இருந்தால் மேல் விளிம்பில் நெட்டை மரங்களைக் குறைத்து, நொச்சியும் கிளை கழித்த புங்கமுமாக வைத்துக்கொள்ளலாம்.

வேர் வயலுக்குள் வந்து சத்தை உறிஞ்சும் என்பது இரண்டாவது. மரவரிசைக்கும் வயலுக்கும் நடுவே இரண்டடி ஆழத்தில் ஒரு குறுகிய அகழி எடுத்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சீர்செய்தால் பக்க வேர் வராது. அந்த அகழி வயலிலிருந்து வழியும் வண்டலையும் பிடித்துவைக்கும். அதைத் திரும்ப வயலில் போடலாம்.

தனி ஒருவர் நட்டு என்ன பயன், மேலும் கீழும் மொட்டையாக இருக்கிறதே என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. துண்டு துண்டாக நிற்கும் நிழலைவிடத் தொடர்ச்சியான நிழலே ஓடையைக் குளிர்விக்கும். ஆனால் கரை அரிப்பைப் பொறுத்தவரை நட்டவருக்கு நட்ட இடத்திலேயே பயன் கிடைக்கும். ஒரு பங்காளி நட்டுக் கரை நின்றதைப் பார்த்தால் அடுத்த பங்காளியும் நடுவார். பாசன சங்கம் இருக்கும் ஊரில் ஆளுக்கு 200 அடி என்று பொறுப்பு எடுத்துக்கொண்டால் பத்துப் பேரில் 2,000 அடிக் கரை ஆகிவிடும்.

கன்றுகளுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும் வனத்துறை நாற்றங்காலையும் கோடையிலேயே அணுகிச் சொல்லி வைக்க வேண்டும். மண்ணுக்கேற்ற மரம் பற்றிய விவரங்களை விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும் கேட்டறியலாம். மருந்து தெளிப்பானை ஓடையில் கழுவும் பழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும். அதற்குக் கன்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மந்தாரக்குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டால் ஓடையில் துண்டு விரித்து அயிரை பிடித்த கதையைச் சொல்வார்கள். அந்த ஓடையின் கரையில் தாத்தா நட்ட மரமும், தானாக முளைத்த மரமும், ஆடு கடித்துத் துளிர்த்த மரமும் கலந்து நின்றன. யாரும் திட்டம் போட்டு வளர்த்ததல்ல. யாரும் ஒரே நாளில் வெட்டாததால் நின்றவை. இன்று திட்டம் போட்டுத்தான் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வரும் ஆடியில் முதல் 4 கன்றுக்குக் குழி எடுத்துத் தொடங்கலாம்.